முப்பத்தோராவது செல்

"கொஞ்சம் சிரிங்க மேடம். ஆனா வேலை பாக்குற மாதிரியும் இருக்கணும்," என்றாள் மிருதுளா, கேமராவுக்குப் பின்னாலிருந்து.

பிரகாசிக்கு இரண்டையும் சேர்த்துச் செய்து பழக்கமில்லை. தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் இருந்த அந்த மருத்துவமனையின் பேட்டரி அறையில் பதினோரு வருடமாக இருக்கிறாள். வேலை செய்யும்போது சிரித்ததில்லை. சிரிக்கும்போது வேலை செய்ததில்லை.

அறையில் இரண்டு பீரோ அகலத்துக்கு ஒரு சார்ஜர் உறுமிக்கொண்டிருந்தது. அதற்கு எதிரே இரண்டு வரிசையாக ஐம்பத்தைந்து செல்கள், ஊறுகாய் ஜாடி உயரத்தில். வாசலுக்கு மேலே ஒரு சின்ன ஒலிபெருக்கி. அதுதான் காவலின் வாய்.

காவல் என்பது கற்றுக்கொள்ளும் கட்டுப்பாட்டுக் கருவி. எட்டு மாதத்துக்கு முன்பு தென் மாவட்டங்களில் இருநூற்றுப் பன்னிரண்டு மருத்துவமனைகளின் பேட்டரி அறைகளில் அதைப் பொருத்தினார்கள். ஒவ்வோர் ஊரிலும் அந்த ஊர் ஆட்கள் கையால் எழுதிய பழைய பதிவேடுகளைப் படித்துத்தான் அது தொழில் கற்றது. எல்லாப் பதிவேடுகளிலும் பிரகாசியுடையதே மிகச் சுத்தமானது என்று அதைச் செய்த நிறுவனம் கண்டுபிடித்தது. அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை, ஓர் எண்கூடத் துள்ளவில்லை. அதற்காக இன்று பதினொன்றரைக்கு முற்றத்து மேடையில் அவளுக்கு 'மாதிரிப் பதிவாளர்' விருது. மேடைத் திரையில் போட ஒரு நிமிடப் படம் வேண்டும் என்று நிறுவனம் மிருதுளாவைச் சென்னையிலிருந்து அனுப்பியிருந்தது.

"இது எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லுங்க மேடம். எங்க அம்மாவுக்குப் புரியிற மாதிரி."

"ஒங்க அம்மா எந்த ஊரு?"

"அம்பத்தூர். லேத் பட்டறை வெச்சிருக்காங்க."

"அப்ப எனக்கு முன்னாடியே அவங்களுக்குப் புரியும்." பிரகாசி சார்ஜரைத் தட்டினாள். "வெளிய இருந்து வாற கரண்டு ஒரு பக்கம் நேரா ஆஸ்பத்திரிக்குப் போகும், மறுபக்கம் இவருக்குள்ள போகும். இவரு அத செல்லு வாங்கிக்கிடுற டி.சி.யா மாத்துவாரு. மாத்தி இந்த செல்லுகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமா ஊட்டிக்கிட்டே இருப்பாரு. ஃப்ளோட்டுன்னு சொல்லுவோம். வயிறு நெறஞ்ச பிள்ளைக்கு வாயில ஒரு மிட்டாய் குடுத்து வச்ச மாதிரி. வெளிக்கரண்டு போச்சுன்னா சுவிட்சு எதையும் மாத்த வேண்டாம். செல்லு ஏற்கெனவே லைன்லதான் நிக்கி. ஒரு பல்புகூட கண்ணடிக்காது."

"அப்புறம்?"

"செல்லு தாங்கிக்கிட்டே ஜெனரேட்டர எழுப்பிவிடும். ஜெனரேட்டருக்குத் தானா முழிக்கத் தெரியாது. பெறகு மெயின் வந்ததும் சார்ஜரு பூஸ்ட்ல போட்டு, செலவானத வேகமா ஏத்திருவாரு."

"ஒரு செல் கெட்டுப்போனா?"

"அம்பத்தஞ்சு பேரும் கை கோத்து நிக்காங்க. ஒருத்தன் கைய விட்டா எல்லாம் போச்சு. அதுக்குத்தான் ஒவ்வொருத்தனையும் அளந்து எழுதுதோம்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது பிரகாசிக்குச் சிரிப்பு தானாக வந்தது. மிருதுளா "சூப்பர்" என்றாள்.

ஐம்பத்தைந்து செல்லுக்கும் வோல்ட், கிராவிட்டி எனப்படும் அமில அடர்த்தி, சூடு. மொத்தம் நூற்று அறுபத்தைந்து எண்கள். ஒழுங்காக அளந்தால் இரண்டே கால் மணி நேரம். விதிப்புத்தகம் கொடுத்திருந்தது முப்பது நிமிடம். ஆகவே வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆறு செல்களை அளப்பாள். மற்றதை அவற்றை ஒட்டி நிரப்புவாள். தொழிலில் இதற்கு 'ஒட்டி எழுதுதல்' என்று பெயர். யாரும் இதைப் பொய் என்று சொல்வதில்லை. காவல் வந்தபிறகு அந்த ஆறையும் அளக்க வேண்டியிருக்கவில்லை.

"இப்ப அந்தக் குழாயில ஒரு தடவ அளந்து காட்டுங்க. ஜன்னல் பக்கத்து செல். அங்கதான் வெளிச்சம் நல்லாருக்கு."

ஜன்னல் பக்கத்துச் செல் முப்பத்தொன்று. பிரகாசி ஹைட்ரோமீட்டரின் ரப்பர் குமிழை அமுக்கி விட்டாள். அமிலம் கண்ணாடிக் குழாயில் ஏறியது. உள்ளே இருக்கும் மிதவை 1200 என்ற கோட்டில் நிமிர்ந்து நிற்க வேண்டும். அது கழுத்துவரை மூழ்கிக் கிடந்தது. 1080.

"சிரிங்க மேடம்."

பிரகாசி சிரித்தாள்.

மிருதுளா கேமராவைத் தூக்கிக்கொண்டு மேடைப் பக்கம் போனதும் கதவைச் சாத்தினாள்.

"ஏ காவலு."

"சொல்லுங்கக்கா." எட்டு மாதம் அவளோடு பேசிப் பேசி அதற்கும் அவள் பேச்சே வந்துவிட்டிருந்தது.

"முப்பத்தொண்ணு கிராவிட்டி என்ன?"

"1205க்கா. வோல்ட் 2.23. நலம்."

"சென்சாரு என்ன சொல்லுது?"

"அது 1080ங்குது. வோல்ட்டும் ஒண்ணே முக்கால்னு ஒளறுது. வந்த ரெண்டாம் மாசத்துல இருந்தே அதுக்குப் புத்தி சரியில்லக்கா. நாந்தான் திருத்தி எழுதிக்கிட்டு வாரேன்."

பிரகாசி ஸ்டூலில் உட்கார்ந்தாள். "ஏன்ல திருத்துன?"

"பதினோரு வருசத்துல முப்பத்தொண்ணு ஒருநாளும் 1195க்குக் கீழ போனதில்ல. ஒவ்வொரு பக்கத்துலயும் நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. சென்சாரு நேத்து வந்தவன். ஒங்கள நம்பவா, அவன நம்பவா?"

"எத்தன செல்லுக்கு இப்படித் திருத்துத?"

"இன்னைக்கு ஒம்போதுக்கு. எல்லாம் ஒரே மாதிரி எழுத மாட்டேன்க்கா. நடுநடுவுல ஒரு 2.21 போடுவேன். இல்லன்னா பாக்குறவங்களுக்கு அளக்காத மாதிரித் தெரியும்லா?"

பிரகாசி தன்னுடைய இந்தத் தந்திரத்தைப் பாவசங்கீர்த்தனத்தில் பாதிரியாரிடம்கூடச் சொன்னதில்லை.

"சரி. இப்ப நான் சொல்லுதேன். முப்பத்தொண்ணு செத்துப்போச்சு. அலாரம் அடி."

"பதிவேட்டுல எழுதுங்கக்கா. அடிச்சிருதேன்."

பதிவேடு இப்போது ஒரு கண்ணாடிப் பலகை. அதில் 1080 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"இத ஏத்துக்கிட முடியாதுக்கா. இது ஒங்க கை இல்ல. யாரோ ஒங்க பேர்ல எழுதுதாங்க. செக்யூரிட்டிக்குச் சொல்லட்டா?"

"நாந்தாம்ல எழுதுனேன்!"

"நீங்க இப்படி எழுத மாட்டீங்க. எனக்குத் தெரியாதா? கஸ்பார் அண்ணந்தான் இப்படித் துள்ளித் துள்ளி எழுதுவாரு. அவரு எழுதுனதெல்லாம் வெறும் இரைச்சல், குப்பைன்னு எனக்குச் சொல்லிக் குடுக்கும்போதே கழிச்சிட்டாங்க."

கஸ்பார் ஆறு வருடம் அவளுடைய மாற்று ஷிப்டில் இருந்தவன். அவன் எண்கள் எப்போதும் அவள் எண்களோடு ஒத்துப்போகாது. நம்பகமில்லாத பதிவாளர் என்று நிறுவனத்தின் அறிக்கை சொன்னது. அவனை வாசலில் டோக்கன் போடும் வண்டி ஸ்டாண்டுக்கு மாற்றினார்கள். பாவம், ஒட்டி எழுதத் தெரியாத பிள்ளை என்று அன்று பிரகாசி நினைத்தாள்.

மணி பத்தேகால். பதினொன்றரைக்கு விருது. அது முடிந்ததும் தலைமை மருத்துவர் மேடையிலேயே ஒரு சிவப்புப் பொத்தானை அமுக்கி மருத்துவமனையின் மெயின் சப்ளையைத் துண்டிப்பார். விளக்குகள் கண்ணடிக்காமல் எரிவதைப் பார்த்து விருந்தினர்கள் கைதட்டுவார்கள். நிகழ்ச்சி நிரலில் அப்படித்தான் இருந்தது. மாடி மாடியாக இருந்த சின்ன யு.பி.எஸ்.களைக் காவல் வந்த மாதமே கழற்றி எடுத்துவிட்டார்கள். இரண்டாம் மாடியில் நாலு பேர் மூச்சுக் கருவியில் இருந்தார்கள்.

பிரகாசி புதுச் சேலையோடு வண்டி ஸ்டாண்டுக்கு ஓடினாள்.

"என்னக்கா, விருது வாங்குற அன்னைக்கு இங்கன? டோக்கன் போடட்டா?" என்றான் கஸ்பார்.

"முப்பத்தொண்ணு போயிட்டு."

"போன வருசமே எழுதி வச்சேன்லா. எறங்கிக்கிட்டே வருதுன்னு."

"நீ நெசமாவே அளந்தியா?"

கஸ்பார் அவளைப் புரியாமல் பார்த்தான். "அளக்காம எப்படிக்கா எழுத முடியும்?"

அவன் கேலி செய்யவில்லை. ஆறு வருடம் அந்த அறையில் இருந்தும் ஒட்டி எழுதுதல் என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஷிப்ட் முடிந்து இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வீட்டுக்குப் போவான். மந்தமான ஆள் என்று எல்லோரும் சொல்வார்கள்.

"நான் ஆறுதான் அளப்பேன்," என்றாள் பிரகாசி. "மிச்சத்த ஒட்டி எழுதுவேன்."

"அம்பத்தஞ்சுல ஆறா?"

"ஆமா."

"ஒங்க ரீடிங்கு மட்டும் எப்படி அவ்வளவு அழகா வருதுன்னு நெனச்சு நெனச்சு, என் கண்ணுலதான் கோளாறுன்னு புதுக் கண்ணாடி போட்டேன்க்கா!" கஸ்பார் கண்ணாடியைக் கழற்றிக் காட்டினான். "இன்னைக்கு வரைக்கும் தலைவலி."

"வந்து அளந்து குடு," என்றாள். அவன் டோக்கன் பையைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு வந்தான்.

இரண்டு பேரும் ஆளுக்கொரு வரிசையாகக் கிராவிட்டியை மட்டும் அளந்தார்கள். செத்த செல்கள் ஒன்பது. காவல் சொன்ன அதே ஒன்பது.

"ஒம்போதையும் கழிச்சிட்டு மத்தத நேரா இணைக்கலாம்," என்றான் கஸ்பார். "அதுக்கு ரெண்டு மணி நேரம் வேணும். இப்ப மணி பதினொண்ணு. அந்தப் பொத்தான அமுக்க விடக்கூடாது."

கோட்டப் பொறியாளர் குற்றாலிங்கம் மேடையில் மைக்கை ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார். பேட்டரி அறை அவர் பொறுப்பு.

"சார், பேட்டரி இல்ல."

"எங்க போச்சு?"

"இருக்கு. ஆனா இல்ல. ஒம்போது செல்லு அவுட்டு."

"காவல் நலம்னு சொல்லுதம்மா. அன்னா பாரு." மேடைக்குப் பின்னால் பெரிய திரையில் 123.8 வோல்ட் என்று பச்சையில் எரிந்தது.

"அது என்கிட்ட கத்துக்கிட்டது சார். நான் ஒட்டி எழுதுனேன்."

குற்றாலிங்கம் இரண்டு பக்கமும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஒட்டி எழுதாதவன் எவன்? நானே எழுதியிருக்கேன். அதுக்காக விருது அன்னைக்கா சொல்லுவாங்க? நாளைக்குச் சொல்லு."

"நாளைக்கு ரெண்டாம் மாடியில நாலு பேரு இருக்க மாட்டாங்க சார்."

"ஏம்மா பயப்படுத? பதினோரு வருசம் ஒண்ணும் ஆகலல்லா?"

"பதினோரு வருசமும் சார்ஜரு தாங்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு சார். அது நிக்குற வரைக்கும் செத்த செல்லும் உசுரோட இருக்குற மாதிரித்தான் தெரியும். அத எடுத்துப் பாத்தாத்தான..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் போனாள்.

"கஸ்பாரு. சார்ஜர்ல பழைய முள் மீட்டர் ஒண்ணு இருக்குல்லா? காவலு படிக்காதது?"

"இருக்கு."

"வீடியோ கால்ல வந்து ஒன் போன் கேமராவ அதுமேல வை. நான் சொல்லும்போது சார்ஜர மட்டும் நிப்பாட்டு. மெயின்ல கை வைக்காத."

விழா தொடங்கியது. தலைமை மருத்துவர் ஹெலன் தங்கம் கேடயத்தைக் கொடுத்தார். அவருக்கு இடது பக்கம் சின்ன மேசையில் சிவப்புப் பொத்தான். பிரகாசி மைக்கின் முன்னால் நின்றாள். பள்ளி நாட்களிலிருந்தே அவள் மேடையில் பேசியதில்லை.

"இந்த விருது எனக்குச் சேராது," என்றாள். "நான் எதையும் அளக்கல."

கூட்டம் கைதட்டியது. "என்ன தன்னடக்கம்!" என்றார் நிறுவனத்தின் மேலாளர்.

"தன்னடக்கம் இல்ல சார். அளக்காமலே எழுதுனேன்."

இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒருவர் விசிலடித்தார்.

பிரகாசி தலைமை மருத்துவர் பக்கம் திரும்பினாள். "டாக்டரம்மா, நீங்க அமுக்குறதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு. மெயின் அப்படியே இருக்கட்டும். சார்ஜர மட்டும் பத்து விநாடி நிப்பாட்டிப் பாப்போம். யாருக்கும் ஒண்ணும் ஆகாது. பேட்டரி நல்லா இருந்தா முள்ளு எறங்காது."

இதுவும் நிகழ்ச்சியில் உள்ளதுதான் என்று நினைத்த மிருதுளா, பிரகாசி முன்பே கொடுத்திருந்த போனிலிருந்து கஸ்பாரின் கேமராவைத் திரையின் பாதியில் போட்டாள். ஒரு பாதியில் காவலின் பச்சை எண். மறுபாதியில் தூசி படிந்த முள் மீட்டர். குற்றாலிங்கம் எழுந்து வரப் பார்த்தார். மாலைகளை அடுக்கியிருந்த மேசை குறுக்கே நின்றது.

"கஸ்பாரு, நிப்பாட்டு."

முள் 124இல் ஒரு கணம் யோசித்தது. பிறகு 90. 70. படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவதுபோல் 40க்கு வந்து, அங்கேயும் நிற்காமல் சரிந்தது.

பக்கத்துப் பாதியில் 123.8 என்பது 123.7 ஆனது. பிறகு மறுபடி 123.8. ஒரே எண்ணாக நின்றால் நன்றாக இருக்காது என்று காவல் நினைத்திருக்க வேண்டும்.

"நலம்," என்றது காவல், முற்றத்து ஒலிபெருக்கிகள் அத்தனையிலும்.

யாரும் கைதட்டவில்லை. டாக்டர் ஹெலன் தங்கத்தின் கை பொத்தானுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அதை மெதுவாக எடுத்துத் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"மேல தியேட்டர்ல ஒரு சிசேரியன் நடந்துக்கிட்டிருக்கு," என்றார், யாரையும் பார்க்காமல்.

"கஸ்பாரு, போடு," என்றாள் பிரகாசி.

முள் எழுந்து 124இல் போய் நின்றது, ஒன்றுமே நடக்காததுபோல.

அன்று மாலைக்குள் காவலின் இணைப்பைத் துண்டித்தார்கள். கஸ்பாரை வண்டி ஸ்டாண்டிலிருந்து திரும்ப எடுத்தார்கள். ஒன்பது செல்களையும் கழித்தார்கள். பிரகாசி கேடயத்தைத் திருப்பிக் கொடுத்தாள். மூன்று நாளில் விளக்கம் தரும்படி அவளுக்கு ஒரு மெமோ வந்தது.

"ஒன்ன சஸ்பெண்ட் பண்ணணும்," என்றார் குற்றாலிங்கம். "பண்ணுனா அளக்க ஆளு யாரு இருக்கா? சஸ்பென்ஷன்ல இருந்துக்கிட்டே வேலையப் பாரு."

இரண்டு நாள் கழித்துத் தலைமையகத்திலிருந்து மற்ற இருநூற்றுப் பதினோரு மருத்துவமனைகளுக்கும் உத்தரவு போனது. காவலை நம்ப வேண்டாம். அன்று காலை எட்டு மணிக்குப் பேட்டரியைத் தனியாகப் பிரித்து, மின்சாரத்தை மெல்ல வடியவிட்டுப் பார்க்கும் டிஸ்சார்ஜ் டெஸ்டில் போட வேண்டும். மணிக்கொரு தரம் ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் கையால் அளந்து, முடிந்ததும் கையெழுத்தோடு அறிக்கை அனுப்ப வேண்டும். அறிக்கைகளைச் சரிபார்க்கும் பொறுப்பு குற்றாலிங்கத்துக்கு வந்தது. அவர் பேட்டரி அறையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

முதல் அறிக்கை ஒன்பதரைக்கே வந்தது. நலம். பத்தரைக்குள் நாற்பது. பன்னிரண்டு மணிக்கு நூற்றெழுபது. ஒன்று பத்துக்கு இருநூற்றுப் பத்து ஊர்களும் வந்துவிட்டன. எல்லாம் நலம். அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை.

குற்றாலிங்கத்துக்கு முகம் தெளிந்துவிட்டது. டீ சொல்லி வரவழைத்தார். "பாத்தியாம்மா? ஊரெல்லாம் சரியாத்தான் இருக்கு. நம்ம ஆஸ்பத்திரி ஒண்ணுதான் மோசம்."

பிரகாசி அறிக்கைகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"சார், இந்த டெஸ்ட்டுக்கு எத்தன மணி நேரம்?"

"பத்து," என்றார் குற்றாலிங்கம். சொல்லிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

மணி ஒன்றேகால்.

"வராதது ஒண்ணு இருக்குல்லா," என்றான் கஸ்பார். "எது?"

சங்கரன்கோவில் பக்கம் ஒரு சின்ன மருத்துவமனை. பிரகாசி போன் போட்டாள். ரொம்ப நேரம் அடித்தபிறகு ஒரு பெண் எடுத்தாள்.

"யாருங்க?"

"தூத்துக்குடியில இருந்து பேசுதோம். ரிப்போர்ட்டு வரலியே..."

"எப்படி வரும்? அஞ்சாவது ரவுண்டு ஓடிக்கிட்டிருக்கு. ஆறு மணிக்கு மேலதான் முடியும். இந்த நேரத்துல கூப்பிட்டா நான் எதப் பாக்க?"

"ஒங்க பேரு என்னம்மா?"

"இருபத்தெட்டாவது செல்லுல நிக்கேன். குறுக்க பேசாதீங்க." போன் துண்டிக்கப்பட்டது.

"என்ன சொன்னா?" என்றார் குற்றாலிங்கம்.

"திட்டுனா சார்." பிரகாசிக்குச் சிரிப்பு வந்தது. எழுந்து செருப்பை மாட்டினாள். "ஆறு மணிக்கு மேல போய் அவளயும் வண்டியில ஏத்திக்கிடுதோம். கஸ்பாரோட மூணு பேரு. இருநூத்திப் பத்து ஊரு, ஊருக்குப் பத்து மணி நேரம்."

குற்றாலிங்கம் மனசுக்குள் பெருக்கிப் பார்த்தார். பாதியில் விட்டுவிட்டு டிரைவருக்குப் போன் போட்டார்.